சீட்டு வந்த வழி: கோரிமேட்டிலிருந்து ஒரு குறிப்பு

"ஜிப்மருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க."

விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஊர்களில் இந்த ஒரு வாக்கியம் போதும். கேட்பவர் மேற்கொண்டு நோயின் பெயரை விசாரிப்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, எப்போது புறப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்பார். பழைய தலைமுறையினர் வாயில் அது 'கோரிமேட்டு ஆஸ்பத்திரி'. எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டோடு விடியுமுன்பே திண்டிவனம் சாலையில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களை, அச்சாலைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நாம் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். மஞ்சள் பை, பிளாஸ்டிக் உறையில் எக்ஸ்ரே, ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் பாட்டில். சீட்டை மட்டும் பையில் போடமாட்டார்கள். அது சட்டைப்பையிலோ இடுப்புச் செருகலிலோ தனியாக இருக்கும். நடக்கும்போது கை அடிக்கடி அங்கே போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

இக்கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியது. அது நம் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்ததனால் எழுத நேர்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

நம்முடையது ஜிப்மருக்கான சீட்டு அன்று. உறக்கமின்மைக்காக ஒரு மருத்துவரைப் பார்த்துவந்தோம். மூன்றாம் முறை போனபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கம் மட்டும்தான் பிரச்சினைன்னு எனக்குத் தோணல. பெரியவங்களுக்குன்னே ஆட்டிசம் பாக்கற எடம் இருக்கு. அங்க ஒரு தடவ காட்டிருங்க" என்றார். வெளியூரில் உள்ள ஒரு சிறப்புப் பிரிவின் பெயரை எழுதிக் கொடுத்தார். நமக்கு வயது நாற்பத்தாறு. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறோம். வகுப்பில் ஐம்பது நிமிடம் தடையின்றிப் பேசும் நாம், ஆசிரியர் அறையில் ஐந்து நிமிட அரட்டைக்கு வழியறியாமல் விடைத்தாள் கட்டின் பின்னால் ஒளிந்துகொள்வது உண்மை. எவர்சில்வர்ப் பாத்திரம் விழும் ஓசையில் உடம்பு நடுங்குவதும் உண்மை. இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று எவரும் இதுவரை சொன்னதில்லை. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இரண்டு மாதம் அதைப் பிரிக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் செய்தது என்னவெனில், தெரிந்த ஒரே வேலையை: படித்தோம்.

கோரிமேட்டிலிருந்தே தொடங்கலாம். கோரி என்பது பாரசீக மூலமுடைய சொல். கல்லறை என்று பொருள். சேலத்திலும் ஒரு கோரிமேடு உண்டு. ஜிப்மர் நிறுவனம் தன் வரலாற்றை 1823இல் பிரெஞ்சு அரசு இங்குத் தொடங்கிய 'எக்கோல் தெ மெதிசீன்' என்னும் மருத்துவப் பள்ளியிலிருந்து எண்ணுகிறது. சென்னை, கல்கத்தா மருத்துவக் கல்லூரிகள் தோன்றிய 1835ஐ நோக்க இது பன்னிரண்டு ஆண்டு மூத்தது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டப்படியான இணைப்போ 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளில், ஊர் காகிதத்தில் இன்னும் பிரான்சுக்கு உரியதாக இருந்த 1956இல், இந்திய அரசு அதைத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆக்கிற்று. 1964இல், நேரு மறைந்த அதே ஆண்டில், அவர் பெயர் ஏற்று ஜிப்மர் ஆயிற்று. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது. வளாகத்தின் முகவரியில் மட்டும் 'தன்வந்திரி நகர்' என்று பழைய பெயர் தங்கிவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் தீராதவை இங்கு வந்து சேர்வதால் கோரிமேடு என்ற பெயருக்கு மக்கள் வழக்கில் 'இங்கே முடியாது' என்றொரு பொருள் ஏறிவிட்டது. அனுப்புகிற மருத்துவர் 'அங்கே கூடுதல் வசதி உண்டு' என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறார். சீட்டை வாங்குபவர் காதில் விழுவது 'இவர் கைவிட்டுவிட்டார்' என்பதுதான். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட சீட்டும் இந்த இடைவெளியைத் தாண்டிவிடுவதில்லை.

உடம்பு நோய்க்கே இப்படியென்றால் மனம் தொடர்பான சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நம் மொழியில் ஊர்ப்பெயர்களே நோய்ப்பெயர்கள் ஆகியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'கீழ்ப்பாக்கம்' என்றால் சென்னையின் ஒரு குடியிருப்புப் பகுதி என்று எவரும் முதலில் நினைப்பதில்லை. 1794இல் கும்பினி மருத்துவர் வாலன்டைன் கனோலி சென்னையில் தொடங்கிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் ஊர் தன் பெயரை இழந்தது. திருச்சிக்கு அருகே பெருமாள் கோயில் கொண்ட குணசீலம், தென்கோடியில் தர்காவால் அறியப்பட்ட ஏர்வாடி. மலையாளிகளுக்கு ஊளம்பாறை, இலங்கைத் தமிழருக்கு அங்கொடை. திரைப்பட நகைச்சுவையில் இவற்றில் ஒரு பெயரை உச்சரித்தாலே அரங்கு சிரிக்கும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியிட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தபின்பும் அந்தச் சிரிப்பு நின்றதாகத் தெரியவில்லை. சீட்டைப் பிரிக்க அஞ்சுகிறவன் கோழை என்று சொல்வோர் இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவேண்டும்.

இதே புதுச்சேரித் தெருக்களில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதி, அழுக்கு மூட்டை சுமந்து திரிந்த குள்ளச்சாமியைத் தம் குருவாக ஏற்றுப் பாடினார். மற்றவர்கள் விலகி நடந்திருக்கக்கூடிய ஒருவருக்கு மொழி வேறொரு இருக்கை போட்டுக் கொடுத்தது. இதனால் குள்ளச்சாமிக்கு இன்றைய நோய்ப்பெயர் எதையும் ஒட்டுகிறோம் என்று கொள்ளற்க. இறந்தவர்களுக்கு மருத்துவச் சீட்டு எழுதும் பழக்கம் நமக்கு உவப்பானதன்று. ஒருவர்க்கு என்ன பெயர் கிடைக்கிறது என்பது யார் கண்ணில் முதலில் பட்டார் என்பதைப் பொறுத்ததாகவும் இருக்கிறது என்பதே சொல்லவந்தது.

பெயருக்கு வருவோம். ஆட்டிசம் என்ற சொல்லை 1910-11 வாக்கில் ஆக்கியவர் சூரிச் நகர மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர். 'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல் அடி. அவர் அதை ஒரு தனி நிலைக்குப் பெயராக வைக்கவில்லை. ஸ்கிசோஃபிரினியா (அதுவும் அவர் ஆக்கிய சொல்லே) உடையவர் தம் அக உலகுக்குள் ஒதுங்கும் குறியைச் சுட்டவே வைத்தார். ஆக, பிறந்தபோதே அச்சொல் இரவல் வீட்டில் இருந்தது.

தமிழில் இதற்கு இன்னும் ஒரு நல்ல சொல் அமையவில்லை. 'மதியிறுக்கம்' பரவலாக வழங்குகிறது. எங்கே எது இறுகியது என்று அச்சொல்லைக் கேட்கத் தோன்றுகிறது. மதி இறுகியவன் மாணவனுக்கு யாப்பு நடத்த முடியுமா? அரசுத் தாள்களில் வரும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பது இதனினும் கொடிது. புற உலகம் கூடுதலாக வந்து மோதுவதால்தான் பலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இல்லாத குறையைக் கூறி, உள்ள துன்பத்தை மறைக்கும் தொடர் அது. இலங்கை நண்பர்கள் 'ஓட்டிசம்' என்று எழுதுகிறார்கள். உச்சரிப்பு மாறினும் பழிப்பு ஏதும் ஒட்டாத எழுத்துப்பெயர்ப்பு. தமிழாசிரியன் சொல்லக்கூடாததுதான், ஆயினும் இவ்விடத்தில் இரவல் சொல்லே நாகரிகமானது என்பது நம் கருத்து.

குழந்தைகளிடம் இந்நிலையைக் கண்டு எழுதியவர்களில் முதன்மையானவர் மாஸ்கோவில் பணியாற்றிய கிரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர். 1925இல் ரஷ்ய மொழியிலும் 1926இல் ஜெர்மனிலும் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவரை வெகுகாலம் உலகம் மறந்திருந்தது. புகழ் 1943இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானருக்குப் போயிற்று. அவர் எழுதிய 11 குழந்தைகளில் முதலாமவன் 'டொனால்ட் டி.' அவன் கதைதான் நம்மை இரண்டு இரவு உறங்கவிடாமல் செய்தது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவன் டொனால்ட் டிரிப்லெட். தந்தை வழக்கறிஞர். குழந்தை யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எண்களிலும் சுழலும் பொருள்களிலும் ஆழ்ந்திருந்தான். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு 1937இல் அவனை ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் விட்டார்கள். அதுதான் முதல் சீட்டு. ஓராண்டு வாக்கில் அங்கே அவன் மேலும் ஒடுங்கிப்போனான். பெற்றோர் மனம் கேளாமல் திரும்ப அழைத்துவந்தனர். பின்னர் கானரிடம் காட்ட முடிவுசெய்து, நேரில் போகுமுன் தந்தை ஒரு கடிதம் எழுதினார். 33 பக்கம், தட்டச்சு செய்தது. பையன் எப்போது என்ன பேசினான், எதைக் கண்டு அஞ்சினான், எந்தப் பாட்டை எந்த வயதில் பாடினான், எல்லாம் அதில் இருந்தன. கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரை அக்கடிதத்திலிருந்து பகுதி பகுதியாக எடுத்தாள்கிறது. இன்று உலகெங்கும் ஒரு மருத்துவத் துறையாக விரிந்துள்ள ஒன்றின் முதல் ஆவணம், தன் மகனை மற்றொருவர் தவறாகப் படித்துவிடக்கூடாதே என்று ஒரு தகப்பன் பதற்றத்தோடு எழுதிய முன்குறிப்புக் கடிதம்.

கானர் 1971இல் அந்தப் 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப்போய் எழுதினார். நமக்கு அதுவே அவருடைய மிகச்சிறந்த எழுத்தாகப் படுகிறது. டொனால்ட் ஒரு குடியானவத் தம்பதியின் பண்ணையில் சில ஆண்டு வளர்ந்து, கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் வேலையில் இருந்தார். வேறு சிலர் அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்டுப் பெயரற்றவர்களாய் அங்கேயே மங்கிப்போயிருந்தனர். அப்படி அனுப்பப்பட்டது ஆயுள் தண்டனைக்கு ஒப்பாக இருந்தது என்ற பொருளில் கானர் எழுதினார். ஒரே கட்டுரையில் இடம்பெற்ற குழந்தைகள். சீட்டு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதில் வாழ்க்கை பிரிந்துவிட்டது. டொனால்ட் வங்கிப் பணி, கோல்ஃப், வெளிநாட்டுப் பயணம் என்று நிறைவாக வாழ்ந்து 2023இல் தம் 89ஆம் வயதில் காலமானார். ஊர் அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டதாக, 2010இல் அவரைத் தேடிச் சென்ற பத்திரிகையாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மற்றொரு சீட்டையும் சொல்லியாகவேண்டும். மனம் ஒப்பவில்லை, விட்டுவிட்டால் வரலாறு ஆகாது. 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் சில சிறுவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு பிற்காலத்தில் அவர் பெயரையே ஒரு நிலைக்கு அளித்தது. நாஜி ஆட்சியில் குழந்தைகளைக் காத்த நல்லவர் என்ற படிமமும் அவருக்கு நெடுநாள் இருந்தது. 2018இல் ஹெர்விக் செக் என்னும் வரலாற்றாய்வாளர் வியன்னா ஆவணங்களை வெளியிட்டார். அதே ஆண்டில் ஈடித் ஷெஃபரின் நூலும் வந்தது. 1941 கோடையில் ஹெர்ட்டா ஷ்ரைபர் என்னும், மூன்று வயதும் நிறையாத, மூளை நோயால் பாதிக்கப்பட்ட சிறுமியை 'ஆம் ஸ்பீகல்குருண்ட்' விடுதிக்கு நிரந்தரமாக அனுப்பவேண்டும் என்று ஆஸ்பெர்கர் எழுதிக் கொடுத்திருந்தார். தாய்க்கு இக்குழந்தை தாங்கவியலாப் பாரம் என்பது காரணம். இரண்டே மாதத்தில் சிறுமி அங்கே இறந்தாள். ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்ட இடம் அது. ஹெர்ட்டாவுக்கு ஆட்டிசம் இல்லை. ஆனால் கையெழுத்து அவருடையது. சீட்டு என்பது காகிதந்தானே என்பவர்களுக்காக இதைச் சொன்னோம்.

போருக்குப் பின் பழி தாய்மார்மேல் விழுந்தது. தாயின் அன்பில் குளிர்ச்சி இருந்ததால் குழந்தை உள்ளே ஒடுங்கியது என்ற கொள்கையை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு பெருநூலாகவே எழுதிப் பரப்பினார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964இல், ஆட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் அக்கொள்கையை மறுத்து எழுதியிருந்தார். ஒரு தலைமுறைத் தாய்மார் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று அழுதிருப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் பேசப்பட்டவர்கள் குழந்தைகளே. குழந்தை வளர்ந்தால் என்ன ஆகும்? நாம் பிறந்த மறு ஆண்டில், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேட்டின் மூன்றாம் பதிப்பு 'குழந்தைப்பருவ ஆட்டிசம்' என்று முதன்முதலாகத் தனித் தலைப்பு கொடுத்தது. முப்பது மாத வயதுக்குள் தொடங்கியிருக்கவேண்டும் என்பது விதி. வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு மூலை உண்டு: 'எச்சநிலை'. தமிழிலக்கணத்தில் எச்சம் என்றால் முடியாத வினை. ஏதேனும் ஒரு சொல்லைக் கொண்டு முடியக் காத்திருப்பது. அக்கையேட்டை எழுதியவர்கள் மிச்சம் என்ற பொருளில் வைத்தார்கள். நமக்கு இலக்கணப் பொருளே பிடித்திருக்கிறது.

அந்த மூலையிலிருந்து வளர்ந்தவர்களை வெளியே அழைத்து வந்தவர் லண்டன் மருத்துவர் லோர்னா விங். ஆட்டிசமுள்ள மகளின் தாய். அவர் 1981இல் எழுதிய கட்டுரையில் சிறுவர்கள் மட்டுமல்லாது முப்பது வயதைத் தாண்டியோரும் இருந்தனர். பேச்சும் படிப்பும் உடையவர்கள், ஆனால் கூட்டத்தில் வழி தெரியாதவர்கள். இது ஒரு கோட்டின் இப்புறம் அப்புறம் என்று இல்லாமல் நிறமாலைபோல் விரிவது என்ற எண்ணம் அவரால் வேரூன்றிற்று. 1990களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் பெரியவர்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. 2001இல் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 50 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டனர் (அதை நாமும் நிரப்பினோம், மதிப்பெண்ணைச் சொல்லப்போவதில்லை, அது நோயறிதல் அன்று என்று அவர்களே சொல்கிறார்கள்). 2009இல் இங்கிலாந்து தன் வயதுவந்தோருக்காகவே ஓர் ஆட்டிசச் சட்டம் இயற்றிற்று. 2013இல் ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயர் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் கைவிடப்பட்டு எல்லாம் ஒரே நிறமாலைக்குள் சேர்க்கப்பட்டன. ஆகவே நம் சீட்டில் எழுதியுள்ள வகைப் பிரிவு, ஒரு நிறுவனமாக, நம்மைவிட வயதில் மிக இளையது. நாம் கல்லூரி மாணவராய் இருந்த நாளில் இப்படி ஒரு சீட்டு எழுத எவராலும் இயன்றிராது.

இந்தியாவில் வரிசை இன்னும் பிந்தியது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் உண்டு, ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அப்பெயர் முதலில் நுழைந்தது. 2009இல் செகந்திராபாத்தில் இருந்த தேசிய நிறுவனத்தார் இந்திய அளவுகோல் ஒன்றை ஆக்கினர்: 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அது முறையாக இடம்பெற்றது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். அளவுகோலைப் படித்தபோது ஒரு சிறுவனின் முன்னால் உட்கார்ந்து எழுதியது போலவே நமக்குத் தோன்றியது.

நம் இலக்கியமும் இங்கே குழந்தைகள் பக்கம்தான் நிற்கிறது. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' நூலும் 'துலக்கம்' நாவலும் தமிழுக்குப் பெருங்கொடை, இரண்டும் பெற்றோரை நோக்கிப் பேசுபவை. 2013இல் வந்த 'ஹரிதாஸ்' திரைப்படமும் ஒரு சிறுவன் கதை. சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனத்தின் வாசலில் பேருந்து நிற்கும்போது, கைப்பிடித்து இறங்கும் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்திருக்கிறோம். நரைத்த மீசையோடு தன் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கும் ஒருவரைப் பார்த்ததில்லை. இருந்திருப்பார், நம் கண் தேடவில்லை.

இவ்வளவும் படித்தபின் அச்சம் போயிற்றா என்று கேட்கலாம். இல்லை; இடம் மாறிற்று. முதலில் அஞ்சியது பெயருக்கு. மகளுக்கு இன்னும் சில ஆண்டில் வரன் பார்க்கவேண்டும். 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில் மனநலக் குறைபாடு மணமுறிவுக்கு ஒரு காரணம் என்பது சம்பந்தம் பேச வருவோருக்குத் தெரிந்த அளவுக்கு, ஆட்டிசம் மனநோய் அன்று என்பது தெரியாது. கல்லூரியில் தெரிந்தால் தேர்வுப் பணியிலிருந்து கழற்றிவிடுவார்களோ என்றும் இருந்தது. பிறகு அஞ்சியது இதன் மறுபக்கத்துக்கு. அங்கே போய், 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டால்? நாற்பத்தாறு ஆண்டு நிகழ்ந்தவற்றுக்குப் பெயரில்லை, எல்லாம் நம் குணக்கேடுதான் என்று ஆகிவிடுமே. எந்த விடை வந்தாலும் பழைய ஆண்டுகளை மறுபடி படிக்கவேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது, "போகாம இருந்தா மட்டும் படிக்காம இருக்கப் போறீங்களா?" என்றாள். அதற்கு விடை இல்லை.

சீட்டைப் பிரித்தோம். தொலைபேசியில் விசாரித்ததும் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "சின்ன வயசுல உங்கள நல்லா தெரிஞ்சவங்க யாராச்சும் வர முடியுமா? அம்மா இருந்தா நல்லது." 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமும் முதல் மூன்று வயதைத்தான் சுட்டுகிறது. அம்மா இறந்து ஒன்பது ஆண்டுகள். அவருக்கு எழுதத் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் நடத்தை 'நன்று' என்று இருக்கிறது; நம் பள்ளியில் எல்லாருக்கும் அதுவே.

மயிலம் பக்கத்து ஊரில் அப்பாவின் அக்கா இருக்கிறார். எண்பத்தொரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கோடு போட்ட நோட்டோடு எதிரே உட்கார்ந்தோம்.

"ஏன்டா ராசா, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. "நீ மூணு வயசு முடியறவரைக்கும் வாயே தொறக்கல. செவிடோன்னு நெனச்சோம். பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்ட. உங்கம்மா மயிலத்துக்கு நடந்தே போய் வேண்டிக்கிட்டா. அப்பறம் ஒரு நாள் அரிசி மூட்டையில இருந்த எழுத்த நீயாவே படிச்ச. பேச்சே அதுலதான் ஆரம்பிச்ச. அம்மி கொத்தறவன் தெருவுல வந்தா போதும், கொல்லப்பக்கம் ஓடி வைக்கோல் போருக்குள்ள பூந்துக்குவ. அவன் ஊரத் தாண்டற வரைக்கும் உங்கம்மா அங்கயேதான் நிப்பா, வெளிய வாடான்னு ஒரு வார்த்த சொல்லமாட்டா."

அம்மி கொத்துகிறவர் நமக்கு நினைவிருக்கிறார். அம்மா வைக்கோல் போர் ஓரம் நின்றது நினைவில் இல்லை. அத்தை சொல்லித்தான் தெரியும். பெட்டல்ஹைம் நூலை எழுதிய காலத்தில் அவர் நாட்டில் அம்மா பிறந்திருந்தால், அவரைக் குற்றவாளியாகத்தான் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார்கள்.

"உங்கப்பனும் இப்படித்தான்" என்றார் அத்தை, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "கல்யாண வீட்டுக்கு வந்தா கைகழுவற எடத்துலயே நிப்பான். தெனமும் அதே நேரத்துக்குக் கடியாரத்துக்குச் சாவி குடுக்கணும், இல்லன்னா சோறு எறங்காது. அவனுக்கு யாரு சீட்டு எழுதினா? அதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?"

எழுதிக்கொண்டோம். அப்பாவைப் பற்றியதையும் சேர்த்து, ஒன்றும் திருத்தாமல், அவர் பேச்சிலேயே. பத்தொன்பது பக்கம் வந்தது. அத்தையால் வெளியூருக்கு வர இயலாது. நோட்டை எடுத்துக்கொண்டு வரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. முதல்நாள் இரவே கோரிமேட்டு நிறுத்தத்தில் பேருந்து ஏறவேண்டும். கல்லூரியில் விடுப்புக் கடிதம் கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருக்கிறோம்.